மன்றில் நிற்கும் அழுகை

அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், டூவம் என்றொரு சிற்றூர். 1970களில் ஒருநாள் அங்கே விளையாடப் போன இரண்டு சிறுவர்கள் தரையில் கிடந்த கான்கிரீட் பலகை ஒன்றை நகர்த்திப் பார்த்தார்கள். கீழே குழி, குழிக்குள் சின்னச் சின்ன மண்டை ஓடுகள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார்கள். குருவானவர் வந்து செபம் சொல்லி மந்திரித்தார். குழி மூடப்பட்டது. பழைய பஞ்சத்தில் செத்தவர்களின் எலும்பாக இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் சிலர் நல்ல மனத்தோடு அந்த இடத்தில் புல் வெட்டி, மூலையில் ஒரு மாதா கெபியும் வைத்துப் பராமரித்து வந்தார்கள்.

அந்த நிலத்தில் 1925 முதல் 1961 வரை ஓர் இல்லம் இருந்தது. திருமணமாகாமல் கருவுற்ற பெண்களைக் கொண்டுவந்து விடும் இல்லம். பான் செகூர் சபைக் கன்னியர்கள் அதை நடத்தினார்கள். உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட கேத்தரின் கோர்லெஸ் என்ற பெண்மணி, அங்கே இறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கேட்டு அரசு அலுவலகத்துக்கு எழுதினார். வந்த எண்ணிக்கை 796. ஒவ்வோர் இறப்புச் சான்றிதழுக்கும் தன் கைக்காசைக் கட்டி வாங்கினார். பெயர், வயது, நாள், இறந்த காரணம் என்று வரிசையாக எழுதினார். சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கும் அடக்கப் பதிவு கிடைக்கவில்லை. 2012 இல் உள்ளூர் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக எழுதினார். 2014 இல் அது உலகச் செய்தியானது. 2017 மார்ச்சில் அரசின் விசாரணை ஆணையம் உறுதிசெய்தது: கழிவுநீர்த் தேவைக்குக் கட்டியதாகத் தோன்றும், 20 அறைகளாகப் பிரிந்த நிலத்தடிக் கட்டுமானம் ஒன்றில் கணிசமான அளவு மனித எலும்புகள். வயிற்றில் 35 வாரம் இருந்த சிசு முதல் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை வரை. 2025 ஜூலையில்தான் அந்த நிலத்தை முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள்.

குருவானவர் சொன்ன செபத்தையும் கோர்லெஸ் எழுதிய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். செபம் உள்ளன்போடு சொல்லப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் அது குழியை மூடியது. பட்டியலோ குழியைத் திறந்தது. ஆண்டவர் பெயர் ஓரிடத்திலும் வராத அந்தப் பட்டியல்தான், விவிலியம் புலம்பல் என்று சொல்கிற செபத்துக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். கொலையுண்ட, சிதைக்கப்பட்ட, பட்டினி போடப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவர்கள் எப்படிச் செபித்தார்கள், எப்படிச் செபிக்கத் தவறினார்கள் என்று தேடிப் போனால், திரும்பத் திரும்ப இந்த இரண்டு வகைச் செபத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தேடலில் முதலில் எதிர்ப்படுகிறவள் ராகேல். யாக்கோபின் மனைவி; பெத்லகேமுக்குப் போகும் வழியில் பிரசவத்தில் இறந்தவள். அவள் காலத்துக்கு நூற்றாண்டுகள் கழித்து எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்டவர்களை நாடு கடத்துவதற்கு முன் விலங்கிட்டுத் திரட்டி வைத்த இடம் ராமா. எரேமியா இறைவாக்கினரும் அந்தக் கூட்டத்தில் விலங்கோடு நின்றவர்தான். அவர் நூலின் 31ஆம் அதிகாரத்தில் ராமாவிலிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது. செத்துப்போன ராகேல் கல்லறைக்குள்ளிருந்து தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். யார் ஆற்றினாலும் ஆற மறுக்கிறாள். அடுத்த வசனத்திலேயே கடவுள் பேசிவிடுகிறார்: அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் பகைவர் நாட்டிலிருந்து திரும்பி வருவார்கள் என்று.

ஏரோது மன்னன் பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொன்ற செய்தியை நற்செய்தியாளர் மத்தேயு எழுதும்போது, இந்த ராகேலைக் கூப்பிடுகிறார். எரேமியாவின் வசனத்தை எடுத்தாள்கிறார். ஆனால் அவள் ஆற மறுத்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார். அடுத்து வரும் ஆறுதலைத் தொடவில்லை. யூத மறைநூலை விரல் நுனியில் வைத்திருந்த ஒருவருக்கு அடுத்த வரி தெரியாமல் இருந்திருக்காது. நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பி வரலாம். வெட்டுண்ட பிள்ளைகள் வர மாட்டார்கள். அந்தத் தாய்மாரிடம் சொல்லத் தகுந்த ஆறுதல் தம்மிடம் இல்லை என்பதை மத்தேயு மௌனத்தால் ஒப்புக்கொள்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தம் நற்செய்தியில் பழைய இறைவாக்குகளைச் சுட்டும்போது, அவை ‘நிறைவேறும்படி’ இன்னது நடந்தது என்று எழுதுவது மத்தேயுவின் வழக்கம். நடந்ததற்குப் பின்னால் கடவுளின் நோக்கம் இருந்தது என்பது அதன் பொருள். பெத்லகேம் குழந்தைகளிடம் வந்ததும் அவர் இலக்கணத்தை மாற்றிவிடுகிறார். ‘நிறைவேறும்படி’ என்பது போய், அப்போது நிறைவேறிற்று என்று மட்டும் வருகிறது. இதே மாற்றம் இன்னும் ஓரிடத்தில்தான் உண்டு: யூதாஸ் பெற்ற வெள்ளிக்காசுகளைப் பற்றிய இடம். குழந்தைகளின் கொலையைக் கடவுளின் திட்டம் என்று சொல்ல நற்செய்தியாளரின் பேனா ஒப்பவில்லை என்று விவிலிய அறிஞர்கள் பலர் இதை விளக்குகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குழந்தைகளின் சாவு வீடுகளில் ‘தேவ சித்தம்’ என்று சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லை ஒரு விகுதியை மாற்றித் தவிர்த்தவர் மத்தேயு.

இந்தக் கொலை நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஏரோது தன் சொந்தப் பிள்ளைகளையே கொன்றதை விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் இதைக் குறிப்பிடவில்லை. நடந்திருந்தாலும், அன்றைய பெத்லகேம் சின்ன ஊர் என்பதால் இறந்த குழந்தைகள் ஓரிரு பத்துப் பேருக்கு மேல் இருந்திருக்க முடியாது என்பது பொதுவான கணிப்பு. பிற்கால மரபு இந்தக் கணக்கில் நிறைவடையவில்லை. பைசாந்திய வழிபாட்டில் 14,000 ஆனது. சிரியத் திருச்சபை மரபில் 64,000 வரை ஏறியது. எண்ணிக்கை கூடினால் துயரம் கூடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இருபது பிள்ளைகள் என்றால் இருபது வாசல்கள். எந்த வாசலில் எந்தப் பிள்ளை என்று ஊரே சொல்லும். அறுபதாயிரத்தில் முகம் கரைந்துபோகிறது.

டிசம்பர் 28 அந்தக் குழந்தைகளின் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் மாசில்லாக் குழந்தைகள் விழா என்கிறார்கள். கிறிஸ்துமஸ் எட்டுநாள் கொண்டாட்டத்துக்குள், வெண்ணிறமும் பொன்னிறமும் பீடத்தை மூடியிருக்கும் நாட்களின் நடுவே, உரோமைத் திருச்சபையின் குரு முன்பெல்லாம் அன்று மட்டும் ஊதா உடையில் வருவார். ஊதா தவக்காலத்தின் நிறம், துக்கத்தின் நிறம். வானவர் கீதம் கிடையாது, அல்லேலூயா கிடையாது. மறைசாட்சிகளுக்கு உரிய சிவப்பு இருக்க, இந்த மறைசாட்சிகளுக்கு மட்டும் ஊதா. பெரும் மகிழ்ச்சியின் நடுவில் தாய்மாரோடு உட்கார்ந்து அழ ஒருநாள். நூற்றாண்டுகள் நின்ற இந்த வழக்கம் 1960 இல் வந்த புதிய வழிபாட்டு விதிகளோடு போயிற்று. இப்போது சிவப்பு, வானவர் கீதமும் உண்டு. குழந்தைகள் வெற்றி வாகை சூடியவர்கள் என்பதை எடுத்துக்காட்டுவது இதன் நோக்கம். அந்த இறையியலில் பிழை இல்லை. ஆனாலும் அந்த ஊதாவை நாம் இழந்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பிள்ளை விண்ணகத்தில் மகிமையோடு இருக்கிறது என்பதைத் தாய் ஒருநாள் தானாகவே சொல்லலாம். அவள் சொல்வதற்கு முன் நாம் முந்திக்கொண்டு சொன்னால், அது அவள் வாயைப் பொத்துவதாகிவிடுகிறது.

உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையில் இந்த வாய்பொத்தல் இன்னும் கொடியது. சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தில் தாமாரின் கதை இருக்கிறது. தாவீது அரசனின் மகள்; திருமணமாகாத இளம்பெண். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் நோயாளிபோல் நடித்து, அவளைச் சமைத்துக் கொண்டுவரச் செய்து, வன்கொடுமை செய்து, வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் செய்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொள்கிறாள். அரசன் மகள்கள் அணியும் அங்கியைக் கிழிக்கிறாள். தலையில் கை வைத்துக்கொண்டு தெருவில் சத்தமிட்டு அழுதபடி போகிறாள். சாம்பல், கிழிந்த துணி, உயர்ந்த குரல்: இஸ்ரயேலின் சாவுச் சடங்கு முழுவதும் இங்கே இருக்கிறது. அவளுக்கென்று அதை நடத்த எவரும் வராததால் தனக்குத் தானே நடத்திக்கொள்கிறாள். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் எதிரில் வந்து என்ன சொல்கிறான்? அவன் உன் அண்ணன்தானே, சும்மா இரு, மனதில் போட்டுக்கொள்ளாதே என்கிறான். தகப்பனுக்குச் செய்தி போகிறது. கோபப்படுகிறார், அவ்வளவுதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: அம்னோன் தலைப்பிள்ளை, செல்லப்பிள்ளை, அவன் மனம் நோகச் செய்ய அரசனுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குள் நடந்த கொடுமையை மூடும் குடும்பங்களின் பேச்சு மூவாயிரம் ஆண்டுகளாக மாறவே இல்லை. பல சபைகள் பயன்படுத்தும் பொது ஞாயிறு வாசக அட்டவணையில் இந்தப் பகுதி இடம்பெறவில்லை. அதனால் வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கூட வாழ்நாள் முழுக்க இதைப் பீடத்திலிருந்து கேட்காமலே இருந்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உஜமா மையம் 2000ஆம் ஆண்டில் தாமார் இயக்கம் என்ற பெயரில் இந்த அதிகாரத்தைப் பெண்கள் குழுக்களில் வாசிக்க வைத்தது. வாசித்துவிட்டுக் கேள்விகள் கேட்பார்கள்: இந்தக் கதையில் யார் யார் வருகிறார்கள், ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள், இங்கே இப்படி ஒரு பெண் உண்டா? பதில்கள் பெரும்பாலும் அவரவர் சொந்த வாழ்விலிருந்தே வந்தன.

திருப்பாடல்கள் 150. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 88ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது. முடிவில் ஒரு வரி நம்பிக்கைகூட இல்லாமல் அது திருநூலில் இருக்கிறது. புலம்பல் என்ற பெயரிலேயே ஐந்து பாடல்கள் கொண்ட ஒரு நூல் உண்டு. அதில் நான்கு, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டு நடக்கின்றன. அந்தாதி பாடிப் பழகிய தமிழருக்கு இதன் தேவை விளங்கும். கட்டு இல்லாவிட்டால் இத்தகைய துயரத்துக்குள் மனிதர் நடந்து வெளியே வர முடியாது. இரண்டாம் பாடலில், தாயின் மடியில் கிடக்கும் குழந்தைகள் சாப்பிடக் கேட்டுக்கொண்டே உயிர் விடுகின்றன. தெருமுனை ஒவ்வொன்றிலும் பசியால் மயங்கி விழும் உன் பிள்ளைகளின் உயிருக்காகக் கைகளை உயர்த்து, இரவில் எழுந்து கூப்பிடு என்று சீயோன் மகளிடம் சொல்லப்படுகிறது. அவளும் கூப்பிடுகிறாள். யாருக்கு இப்படிச் செய்தீர் என்று பாரும் என்று நேருக்கு நேராகக் கடவுளையே கேட்கிறாள். ஐந்து பாடல்களிலும் கடவுள் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. தொகுத்தவர்கள் அவர் வாயில் ஒரு பதிலைப் போட்டு முடித்திருக்கலாம், போடவில்லை.

அமெரிக்க விவிலிய அறிஞர் வால்டர் புருக்கமன் 1986 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வழிபாட்டிலிருந்து புலம்பல் மறையும்போது என்னென்ன போகிறது என்று கேட்டார். நீதி பற்றிய கேள்வி போகிறது என்பது அவர் வாதத்தின் மையம். கடவுளிடம் ‘ஏன்’ என்று கேட்கப் பழகாத சபை, ஆயரிடமும் அரசிடமும் ‘ஏன்’ என்று கேட்காது. துதி மட்டுமே தெரிந்த வாய் அதிகாரத்தின் முன்னாலும் துதிக்கவே செய்யும். கடந்த கால் நூற்றாண்டில் பல நாடுகளில் வெளிவந்த விசாரணை அறிக்கைகள் இதை எழுத்துக்கெழுத்து மெய்ப்பித்தன.

அயர்லாந்துக்குத் திரும்புகிறேன். 2009 மே மாதம் ரயன் அறிக்கை வந்தது. துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் இல்லங்களிலும் பிள்ளைகள் பட்டதைத் தொகுதி தொகுதியாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மர்ஃபி அறிக்கை. 1975 முதல் 2004 வரை டப்ளின் உயர்மறைமாவட்டம் தன்னிடம் வந்த புகார்களை எப்படிக் கையாண்டது என்று, 46 குருக்களின் வழக்குகளை மாதிரியாக எடுத்து ஆராய்ந்தது. சபையின் நற்பெயரும் சொத்தும் முன்னால் நின்றன, பிள்ளை பின்னால் நின்றது என்பதே அதன் முடிவு.

2011 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை, டப்ளினின் புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் ஒரு வழிபாடு நடந்தது. திருப்பலி அல்ல. ‘புலம்பலும் மனம்வருந்துதலும்’ என்பது அதற்கு இட்ட பெயர். வழிபாட்டைத் தயாரித்ததில் பெரும்பங்கு, சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகி மீண்டவர்களுடையது. பீடத்தில் ஒன்றும் இல்லை. விரிப்பு இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. டப்ளின் பேராயர் டியர்மிட் மார்ட்டினும் பாஸ்டன் கர்தினால் ஷான் ஓ’மாலியும் வந்து, வெறும் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தார்கள். ஆண்டில் ஒருமுறை பெரிய வெள்ளிக்கிழமையில் நாம் காணும் காட்சி அது. ஒரு வார்த்தையும் இல்லாமல் நேரம் போனது. பிறகு விவிலிய வாசகங்களோடு ரயன், மர்ஃபி அறிக்கைகளின் பகுதிகளும் வாசிக்கப்பட்டன. திருநூல் வாசிக்கும் இடத்தில் அரசு விசாரணையின் வாக்கியங்கள்! நிரலில் இல்லாத சிலரும் எழுந்து தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். பேராயரும் கர்தினாலும் பாதிக்கப்பட்டவர்களில் எட்டுப் பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்தார்கள்.

இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று வராமல் இருந்தவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டூவத்தில் குழியின் மேல் சொன்ன செபத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. இங்கே செபத்துக்கு முன்பே விசாரணை வந்திருந்தது. உண்மை அச்சாகி எல்லார் கையிலும் இருந்தது. அழுகைக்குச் சொல் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. அதிகாரம் பேசாமல் தரையில் கிடந்தது. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தையை அவர்கள் வாயிலிருந்து பிடுங்க யாரும் முயலவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு அழத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் பெத்லகேம் குழந்தைகளின் கொலைக்கென்றே ஒரு படலம் வைத்தார். மகனை இழந்த மரியாளின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியாகப் பாடினார். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை, யாழ்ப்பாணத்திலும் தமிழகத்தின் பழைய பங்குகளிலும் தவக்காலத்தில் ஒப்பாரிபோல இழுத்து வாசிக்கும்போது கோயிலே விம்மும். ஆயினும் இந்த அழுகை பெரும்பாலும் மாதாவின் பிள்ளைக்காகவே நின்றுவிட்டது. பங்கின் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் அந்தக் குரல் எழுவதில்லை.

தென்மாவட்டத்தில் எங்கள் ஊரில், நான் பள்ளிக்குப் போன காலத்தில், ஒரு சிறுமி லாரியில் அடிபட்டு இறந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அவள் ஆச்சி மெதுவாக ஒப்பாரி தொடங்கினார். இரண்டு அடி பேத்தியைப் பற்றி. மூன்றாவது அடி அந்த வண்டிக்காரனைப் பற்றி. அவன் எங்கே இருக்கிறான், அவனை ஏன் எவரும் தேடிப் போகவில்லை என்று. கூடியிருந்தவர்கள் நெளிந்தார்கள். சபைப் பெரியவர் ஒருவர் குனிந்து, “ஆச்சி, ஐயர் ஜெபம் பண்ணப் போறாவ, கொஞ்சம் சும்மா இருங்க” என்றார். பிள்ளை ஆண்டவர் தோட்டத்துப் பூ, அவருக்குத் தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார் என்று ஜெபம் போயிற்று. ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த மூன்றாவது அடியில்தான் நியாயம் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த மூன்றாவது அடிக்கு நம் மொழியில் பழைய வேர் உண்டு. விசுவாசிகளின் மன்றாட்டு என்று வாரந்தோறும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் மன்று இருக்கிறது. ஊரார் கூடி வழக்குத் தீர்த்த இடம். முறையிடுதலில் முறை இருக்கிறது; முறை என்றால் நீதி. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் துன்ப மாலையும் ஊர்சூழ் வரியும் முடிந்த கையோடு வருவது வழக்குரை காதை. கணவனுக்காக அழுத பெண் அதே கண்ணீரோடு அரசவைக்குப் போகிறாள், கையில் சான்றோடு. அழுகை தன் போக்கில் போனால் மன்றுக்குத்தான் போகும் என்பதை இளங்கோவடிகளின் காதை வரிசையே காட்டுகிறது. ராகேலின் அழுகையும் சீயோன் மகளின் அழுகையும் இந்த வகைதான்.

இலங்கைத் தமிழில் பொலிசில் கொடுக்கும் புகாருக்கே முறைப்பாடு என்று பெயர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து சிற்றுண்டிக்காகப் பிள்ளைகள் வெளியே வந்திருந்தபோது தற்கொலைக் குண்டு வெடித்தது. அங்கே இறந்தவர்களில் 14 பேர் சிறுவர்கள். புலம்பல் நூல் கைகளை உயர்த்தச் சொன்னது எந்தச் சீயோனிடமோ, அதே பெயரைச் சுமந்த கோயில். தாக்குதல் வரப்போகிறது என்று அரசுக்கு முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அந்த நாளில் குண்டு வெடித்த இடங்களில் பாதிக்கப்பட்டோர் தரப்பிலிருந்து அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புத் துறையின் முன்னாள் உயரதிகாரிகளுக்கும் தொகைகள் விதித்தது. பணத்தால் ஒரு பிள்ளையும் திரும்பாது. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களின் முறைப்பாடு ஒரு நாட்டின் முன்னாள் தலைவரை மன்றில் நிறுத்தியது. அதையும் செபத்தின் பகுதியாகவே எண்ணுகிறேன்.

நம் சபைகளில் இன்னும் எளிதில் மாறாதது, பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையை நாம் நடத்தும் விதம். ‘சபைக்குக் கெட்ட பேரு வந்துரும்’, ‘மன்னிச்சாத்தான் ஆசீர்வாதம்’, ‘ஜெபத்துல வச்சுக்குவோம்’: இந்த மூன்றும் அப்சலோம் சொன்னதன் மொழிபெயர்ப்புகள்தாம். பிள்ளையை முன்னால் அழைத்து எல்லாரும் தலையில் கை வைத்துச் செபிப்பது அன்பினால் செய்யப்படலாம். ஆனால் தன் உடம்பைத் தொட அனுமதி கேட்கப்படாமல் காயப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை கேட்காமல் தொடுகிறோம். அதன் கதையைச் சாட்சி என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பிள்ளையின் பக்கத்தில், அது ஒப்பும் தூரத்தில், பேசாமல் உட்கார்ந்திருப்பது செபம். கடவுளைத் தகப்பன் என்று சொல்ல அதற்கு வாய் வராவிட்டால் வற்புறுத்தாமல் இருப்பதும் செபம். ஆண்டவரே நீர் எங்கே போயிருந்தீர் என்று அது கேட்டால், பதில் தேடிப் பதறாமல் அந்தக் கேள்வியை நாமும் சேர்ந்து கேட்கலாம். திருப்பாடல்களில் அதற்கு முன்மாதிரி வேண்டிய மட்டும் இருக்கிறது.

அடுத்த டிசம்பர் 28க்குப் பங்குத்தந்தையரிடமும் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அன்றைய மறையுரையில் விண்ணகத்துக்கு விரைய வேண்டாம். மத்தேயு நிறுத்திய இடத்தில் நிறுத்துங்கள். தாமாரின் அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். மன்றாட்டு நேரத்தில், நம் பிள்ளைகளுக்கு நம் நடுவிலேயே தீங்கு நடந்தால் முதலில் யாரிடம் சொல்வோம் என்று சபையையே கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவர் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். 21ஆம் பிரிவுப்படி, தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. ஆயருக்கும் போதகருக்கும் மடத்துத் தலைவிக்கும் இதில் விலக்கு இல்லை. குழந்தைகள் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. கோயில் வாசலில், பலிநேர அறிவிப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் அதை எழுதி வையுங்கள்.